கயிறு இழுத்த வகையில் செலவு

எங்கள் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அங்கே ஸ்டோர்ஸ், பர்சேஸ், டெஸ்பாட்ச், கியூ.சி. என்றுதான் மனிதர்கள் உண்டு. "டெஸ்பாட்சுக்கு ரெண்டாவதும் பெண் குழந்தையாம்." "பர்சேஸ் இன்னிக்கு லீவு, மாமனார் தவறிட்டார்." போன வருஷம் கியூ.சி. வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசல் பலகையில் பெண்ணின் தகப்பனார் என்று எவரோ ஒருவரின் பெயர் இருந்தது. இடம் மாறி வந்துவிட்டோம் என்று எதிர் மண்டபத்துக்குப் போய், ஐந்நூற்றியொரு ரூபாய் மொய் எழுதி, இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். ரசம் நன்றாக இருந்தது. கியூ.சி. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் அக்கவுண்ட்ஸ்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் எச்.ஆர். மேடம் வந்து சேர்ந்தார். ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய ஐ.டி. கம்பெனி ஒன்றில் இருந்தவர், இருபத்தேழு வயது, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். வந்த மூன்றாவது வாரம் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். ஸ்டோர்ஸும் டெஸ்பாட்சும் பன்னிரண்டு அடி இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு, நான்கு மாதமாக ஈமெயிலில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள், ஒவ்வொரு மெயிலுக்கும் ஜி.எம்.முக்கு ஒரு காப்பி வைத்து. "மின்விசிறியைக் குறைக்கவும்" என்கிற மெயிலுக்குக்கூட.

சுற்றறிக்கை வந்தது. சனி, ஞாயிறு ஏலகிரியில் குழு ஒற்றுமை முகாம். விளையாட்டுகள் மூலம் ஒருவரையொருவர் அறிதல். "கலந்துகொள்வது கட்டாயமில்லை. வர இயலாதவர்கள் ஜி.எம்.மை நேரில் சந்தித்துக் காரணம் கூறவும்." ஆக, எச்.ஆர். மேடம் நீங்கலாக இருபத்து மூன்று பேரும் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு வேனில் ஏறினோம். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டி-ஷர்ட், எல்லாம் எக்ஸ்.எல். சைஸ். என் உடம்பில் அது தலையணை உறையாகவும், ஸ்டோர்ஸ் உடம்பில் கொடியில் உலர்த்தியதாகவும் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தார்கள். முன் சீட்டுக்காரர்கள் எம்.எஸ்.வி., பின் சீட்டுக்காரர்கள் அனிருத். ராணிப்பேட்டைக்குள் இரண்டு கட்சியாகி, வேலூரில் பேச்சுவார்த்தை முறிந்து, வாணியம்பாடி வரை தூங்கிக்கொண்டு போனோம். ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி. காலையில் வாலாஜாவில் சாப்பிட்ட பொங்கலை முழுமனதோடு கொடுத்தவர் எங்கள் பர்சேஸ். அது பாரி வளைவா, ஓரி வளைவா என்று பெயர்ப்பலகையைப் படிக்கிற நிலையில் வண்டியில் யாரும் இல்லை.

ரிசார்ட் புல்வெளியில் பயிற்சியாளர் காத்திருந்தார். பெங்களூர்க்காரர். "சார்னு கூப்பிடாதீங்க, கோச்னு கூப்பிடுங்க" என்றார். எங்கள் டெஸ்பாட்சுக்கு கோச் என்றால் எஸ்-6 தான். அவர் கடைசிவரை 'சார்' என்றே சமாளித்தார்.

முதல் விளையாட்டு, வட்டமாக நின்று தன் பெயரையும் அதே எழுத்தில் தொடங்கும் ஒரு நல்ல குணத்தையும் சொல்வது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எங்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸில் நிற்பதுபோல் அப்பா பெயர், ஊர், வட்டம் சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு. ஸ்டோர்ஸின் முறை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு பெயரைச் சொன்னார். வட்டம் ஒரு நிமிஷம் மூச்சுவிடவில்லை. பாதி வழுக்கை, காதிடுக்கில் பென்சில், ஐம்பத்தெட்டு கிலோ. அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு காதல் மன்னன் பெயர் வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பதினோரு வருஷமாக அவருக்குச் சம்பளம் போடுகிறவன் நான்; என் கணக்கில் அவர் 0047.

கோச் பலகையில் நான்கு கட்டம் போட்டார். புரூஸ் டக்மன் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் சொன்னதாம்: எந்தக் குழுவும் முதலில் கூடும், அப்புறம் மோதும், பிறகு ஒரு ஒழுங்குக்கு வரும், கடைசியில் வேலை செய்யும். "நீங்க இப்ப எந்த ஸ்டேஜ்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் கட்டத்தில் நாங்கள் கிரயப்பத்திரம் எழுதி, பட்டா வாங்கி, மாடி எடுத்துக் குடியிருக்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது?

இரண்டாவது விளையாட்டுக்கு மேஜைதோறும் இருபது ஸ்பெகட்டிக் குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. பதினெட்டு நிமிஷத்தில் கோபுரம் கட்டி உச்சியில் அந்த மிட்டாயை வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் என்கிற வடிவமைப்பாளர் யோசித்த விளையாட்டு. டாம் வூஜெக் என்பவர் 2010-இல் ஒரு மேடையில் பேசி உலகமெங்கும் கொண்டுபோனார். பிசினஸ் ஸ்கூல் மாணவர்களைவிட மழலைப் பள்ளிப் பிள்ளைகள் உயரமாகக் கட்டுகிறார்கள் என்றார் அவர். படித்தவர்கள் யார் தலைவர் என்று தீர்மானித்து, திட்டம் போட்டு, கடைசி நிமிஷத்தில் மிட்டாயை வைக்கப் போக, எல்லாம் சரிகிறது. குழந்தைகள் முதலிலேயே மிட்டாயை வைத்து, விழ விழக் கட்டுகிறார்கள்.

நாங்கள் மூன்றாவது வகை. என் மேஜையில் பர்சேஸ் குச்சியைப் பார்த்து, "இது சேமியாதானே? இதைவிடச் சல்லிசா பாரிமுனையில கிடைக்கும்" என்றார். கியூ.சி. குச்சிகளை மேஜைமேல் உருட்டிப் பார்த்து, வளைவு இருப்பதாக நான்கைக் கழித்துக் கட்டினார். ஸ்டோர்ஸ் மீதிப் பதினாறையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தார். டேப்பை மட்டும் "திருப்பித் தரணும்" என்று சொல்லிக் கொடுத்தார். மார்ஷ்மெல்லோ என் பாதுகாப்பில் இருந்தது. பதினெட்டாவது நிமிஷம் விசில் அடித்தபோது எங்களிடம் கோபுரம் இல்லை. ஆனால் பொருள் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை, எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது.

ஜெயித்தது ரிசப்ஷன் அம்மா இருந்த மேஜை. ஜி.எம்.மும் அதே மேஜைதான். "சார், நீங்க வாயைத் திறக்காம இதை மட்டும் பிடிச்சுக்குங்க" என்று அந்த அம்மா சொல்ல, ஜி.எம். பதினெட்டு நிமிஷமும் ஒரு குச்சியைப் பிடித்தபடி நின்றார். இதுவும் வூஜெக் சொன்னதுதான் என்பதைப் பிற்பாடு படித்தேன்: கம்பெனித் தலைவர்கள் மட்டும் சேர்ந்து கட்டுவதைவிட, கூட ஒரு நிர்வாக உதவியாளரைச் சேர்த்தால் கோபுரம் உயர்கிறது. எங்கள் ரிசப்ஷன் அம்மாவை அவர் பார்த்ததில்லை.

அடுத்தது நம்பி விழும் விளையாட்டு. கண்ணை மூடி, கையைக் கட்டி, பின்னோக்கிச் சாய வேண்டும்; சகாக்கள் தாங்குவார்கள். முதலில் ஜி.எம். சாய்ந்தார். அவர் சாய்வதற்கு முன்பே பதினாறு பேர் பாய்ந்து பிடித்ததில், அவர் விழவே இல்லை. அழகர் பல்லக்குபோல் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார்.

என் முறை வந்தபோது பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதுதான் தப்பு. கையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் சேல்ஸ் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் போன மாதம் ஆட்டோவுக்கு 340 என்று எழுதியதை 200 ஆக்கியிருந்தேன். இன்னொருவனின் கோயம்புத்தூர் லாட்ஜ் பில் இன்னும் என் டிராயரில் இருந்தது. இருவரும் புன்னகை செய்தார்கள். "தைரியமா விழுங்க சார்" என்றான் 340. நடுவில் ஸ்டோர்ஸ். 82 கிலோவை ஏற இறங்கப் பார்த்து, "டெலிவரி சலான் இருக்கா சார்? சலான் இல்லாம நான் எதையும் இறக்கினதில்ல" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. இடுப்பு வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொய்யைச் சொன்ன பாவத்துக்கு ஒரு வாரம் உண்மையாகவே வலித்தது.

சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி. பதினொன்றுக்குப் பதினொன்று, ஜி.எம். விசில். கியூ.சி. தொழிற்சாலைச் சேஃப்டி ஷூவோடு வந்துவிட்டார், அதைக் கழற்ற வேண்டும் என்று எதிரணி தகராறு. இது ஒன்றும் அற்ப விஷயமல்ல. கயிறு இழுப்பது 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் லிவர்ப்பூல் போலீஸ்காரர்களின் கனமான பூட்ஸைக் குறித்து அமெரிக்கர்கள் பெரிய ரகளையே செய்தார்கள். எங்கள் தகராறு அவ்வளவு தூரம் போகவில்லை. கியூ.சி. ஒரு காலில் மட்டும் ஷூவோடு இழுப்பது என்று சமரசம் ஆயிற்று.

இழுத்தோம். அதாவது, ஒரு வாக்குமூலம் தருகிறேன்: நான் இழுக்கவில்லை. முகத்தை மட்டும்தான் இழுத்துக்கொண்டேன். பல்லைக் கடித்தேன், கழுத்து நரம்பை எழுப்பினேன், "ஐலசா" போட்டேன். கை மட்டும் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது, கன்னிகாதானத்தின்போது ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு நிற்கும் உறவினர் மாதிரி. பத்துப் பேர் இழுக்கிறார்களே, இடுப்பு வலிக்காரன் ஒருவன் இழுக்காவிட்டால் என்ன?

கயிறு அசையவில்லை. இரண்டு நிமிஷம், நான்கு நிமிஷம். ஒரு அங்குலம் இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. கோச் கண் கலங்கிவிட்டார். "இவ்ளோ ஈக்குவலா பலம் இருக்கிற டீம நான் பார்த்ததே இல்ல!" என்றார். ராத்திரி டார்மிட்டரியில் விளக்கை அணைத்த பிறகு பர்சேஸ்தான் முதலில் ஆரம்பித்தார்: "சொல்லக் கூடாது... நான் சும்மாதான் பிடிச்சிருந்தேன்." மூலைக்கு மூலை ஒரு கனைப்பு. "நானும்." "நானும்தான்." இருபத்திரண்டு பேரில் உண்மையாக இழுத்தவர்கள் இரண்டே பேர், பக்கத்துக்கு ஒருவர்: ஸ்டோர்ஸ் இங்கே, டெஸ்பாட்ச் அங்கே. நான்கு மாதக் கோபம். அவர்கள் கயிற்றையா இழுத்தார்கள்?

திங்கட்கிழமை கோச்சின் பில் வந்தது. 'அனுபவவழிக் கற்றல்' என்று ஒரே வரி, பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் பத்து ரூபாய்கூட நான் பாஸ் செய்ததில்லை, அதனால் படித்துப் பார்த்தேன். இதெல்லாம் எங்கே தொடங்கியது? 1941-இல், போர்க்காலத்தில், வேல்ஸ் கடற்கரையிலுள்ள அபர்டவி என்ற ஊரில் குர்ட் ஹான் என்கிற பள்ளி ஆசிரியரும் லாரன்ஸ் ஹோல்ட் என்கிற கப்பல் முதலாளியும் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். கப்பல் மூழ்கியபின் படகில் தத்தளிக்கையில் இளம் மாலுமிகள் மனம் தளர்ந்து போகிறார்கள், வயதானவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது என் ஐம்பத்து நான்கு வயதுக்கு இதமாக இருந்தது. மூழ்கும் கப்பலில் பிழைக்கத் தொடங்கிய வித்தை, கால ஓட்டத்தில், நன்றாக மிதக்கிற கம்பெனிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கயிற்றைப் பற்றியும் இருந்தது. மாக்ஸிமிலியன் ரிங்கல்மன் என்கிற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களை இழுக்கவிட்டு அளந்து 1913-இல் கணக்கு வெளியிட்டார். ஒருவன் தனியாக இழுக்கும் பலம் நூறு என்றால், இரண்டு பேராகும்போது ஆளுக்குத் தொண்ணூற்று மூன்று. மூன்று பேரில் எண்பத்தைந்து. எட்டுப் பேரில் நாற்பத்தொன்பது. பாதிக்கும் கீழே! ஒரே நேரத்தில் எல்லோரும் மூச்சுப் பிடிப்பதில்லை, அதனால் பலம் சிதறுகிறது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். 1974-இல் ஆலன் இங்கம் என்பவரும் கூட்டாளிகளும் அதையும் உடைத்தார்கள். கண்ணைக் கட்டி ஒருவனைக் கயிற்றில் முதல் ஆளாக நிறுத்தி, பின்னால் சில பேர் இழுப்பதுபோல் நடித்தார்கள். உண்மையில் அவன் ஒருவன்தான் இழுத்தான். அப்போதும் அவன் பலம் குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்கிற நினைப்பு ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. அதைப் படித்ததும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, யாரும் என்னை அளக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். நான் திருவாரூர்ப் பக்கத்தவன். ஊர் கூடி இழுப்பது என்றால் என்ன என்று கோச்சுக்கு முன்பே எனக்குத் தெரியும். ஆழித்தேர் தொண்ணூற்றாறு அடி, ஏறத்தாழ முந்நூறு டன். இப்போது திருச்சி பெல்லின் ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, பின்னால் புல்டோசர் தள்ளுகிறது. ஆனாலும் வீதி திரும்புகிற முனையில் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகுகிறவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் வடத்தைத் தொடுவதில்லை. இழுக்கிற கூட்டம் முழுக்க "ஆரூரா, தியாகேசா" என்று போகிறபோது, இவர்கள் சக்கரத்தடியில் குனிந்துகொண்டு, போகாதே, கொஞ்சம் நில், இந்தப் பக்கம் திரும்பு என்று கட்டை போடுகிறார்கள். அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். என்னைத்தான் கம்பெனியில் அப்படிச் சொல்வார்கள், வேறு தொனியில். கியூ.சி.யையும் சொல்வார்கள். சலான் கேட்கும் ஸ்டோர்ஸைக் கேட்கவே வேண்டாம். முட்டுக்கட்டை போட்டு ஜெயிக்கிற மாதிரி ஒரு விளையாட்டை அந்த மலையில் யாராவது வைத்திருந்தால், எங்கள் மேஜைக்குத்தான் கோப்பை.

கதையை முடிக்காமல் பில்லுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை ராத்திரி வாக்குமூலங்கள் முடிந்ததும், மறுநாள் காலை ஆறு மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று யாரோ டார்ச் அடித்துத் தாளைப் பார்த்தார்கள். ஆறு மணிக்குப் புல்வெளியில் ஜும்பா. ஏழு மணிக்குப் பாராட்டு வட்டம்: ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, அவரிடம் தமக்குப் பிடித்த மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் டெஸ்பாட்ச் என்று அச்சடித்திருந்தது.

இருட்டில் ஒரு மௌனம். அப்புறம் ஸ்டோர்ஸின் குரல் வந்தது, நான்கு மாதத்துக்குப் பிறகு, ஈமெயிலில் இல்லாமல்.

"டெஸ்பாட்ச், வண்டி கிடைக்குமா?"

"டிரைவர் நம்ம பேச்சைக் கேப்பாரு. அஞ்சு நாப்பதுக்கு லோடிங். சத்தம் இருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததை இந்த இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஆர்டர்கூட அப்படி நேரத்துக்கு வெளியேறியதில்லை. ஐந்தரைக்குக் கியூ.சி. வாசலில் நின்று செருப்புச் சத்தம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினார். ரிசப்ஷன் அம்மா பெண்கள் அறையிலிருந்து எல்லோரையும் கிளப்பிக் கொண்டுவந்தார். சேல்ஸ் பையன்கள் கோச்சின் அறை வாசலில் நின்று, அவர் குறட்டையைக் கேட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். லாட்ஜ் பில் பையன் என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டான். வண்டி எஞ்சினைப் போடாமல் சரிவில் உருட்டிக் கொண்டுபோய், கேட் தாண்டியதும்தான் கிளப்பினார்கள்.

அத்தனாவூரில் ஒரு டீக்கடை திறந்திருந்தது. பனி இன்னும் விலகவில்லை. பெஞ்சில் ஒருவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜி.எம்.

இறங்கின இருபத்திரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார். எங்கள் ஆரஞ்சு டி-ஷர்ட்டுகளைப் பார்த்தார். "போனையெல்லாம் ஆஃப் பண்ணிடுங்க" என்றார்.

பர்சேஸ் இருபத்து மூன்று டீக்கு மொத்த விலை பேசிப் பார்த்தார். டீக்கடைக்காரர், "பதினஞ்சுன்னா பதினஞ்சு" என்று திரும்பியே பார்க்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஒன்றும் பேசாமல் குடித்தோம். டெஸ்பாட்ச் தன் போனில் இரண்டாவது பெண்ணின் படத்தை ஸ்டோர்ஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டோர்ஸ் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "மூக்கு உங்களுது இல்ல, தப்பிச்சது" என்றார்.

திரும்பும்போது ஆம்பூரில் சாப்பிட்டோம்; சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

எச்.ஆர். மேடம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிறகு இரண்டு துறைகளுக்கிடையே நேரடிப் பேச்சு மீண்டும் தொடங்கியிருக்கிறது, அடுத்த வருஷமும் வைக்க வேண்டும். பாவம், கோச்சும் அவரும் மட்டும் புல்வெளியில் ஜும்பா ஆடியிருக்கிறார்கள். பின்னூட்டப் படிவத்தில் நிகழ்ச்சிக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தது. நாற்பத்தொன்பது போட்டேன். கோச்சின் பில்லில் 194-ஜேயின்படி பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டோர்ஸ் என் மேஜைக்கு வந்தார். காதில் பென்சில் இருந்தது. அத்தனாவூர் டீக்கு அவர்தான் காசு கொடுத்திருந்தார்.

"பில்?" என்றேன், வழக்கமாக.

"டீக்கடையில எங்க சார் பில்லு?"

வவுச்சர் புத்தகத்தை எடுத்தேன். பில் இல்லாமல் வவுச்சர் எழுதுவது எனக்கு முதல் தடவை. பேனா கொஞ்சம் தயங்கியது. 'பெற்றுக்கொள்பவர் பெயர்' என்கிற இடத்தில் மறுபடியும் தயங்கியது. அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது. எழுதிவிடலாம். ஆனால் எழுதினால் எதிரில் நிற்கிறவர் வேறு யாரோ ஆகிவிடுவார் போலிருந்தது.

"ஸ்டோர்ஸ்னே போடுங்க சார்" என்றார்.

போட்டேன். இருபத்து மூன்று டீ, 345 ரூபாய் என்று எழுதிப் பணத்தை எண்ணி வைத்தேன். அவர் எடுக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து எண்ணுக்குக் கீழே கோடு போட்டார்.

"இருபத்து மூணு இல்ல சார், இருபத்து நாலு. நீங்க ரெண்டு குடிச்சீங்க."